மையன் எழுதிய பதில்

கண்ணு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பழுப்பு உறை இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு தாள். முதலில் கடிதத்தைப் படி, பிறகு உறையைப் பிரி என்று எழுதத்தான் கை போனது. எழுதிவிட்டு அடித்துவிட்டேன். எதை முதலில் படிக்க வேண்டும், எதை எப்போது தெரிந்துகொள்ள வேண்டும் என்று உனக்காக நான் முடிவு செய்ததெல்லாம் போதும். இப்போதே பிரிக்கத் தோன்றினால் பிரித்துக்கொள். பதினோரு வருஷமாக அது சிங்காநல்லூர் பட்டறையில், என் இழைப்புளிகள் வைக்கிற அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அது உனக்கு எழுதிய தாள். எனக்கு எழுதியதில்லை.

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உன் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசிக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒருநடை உன் அம்மா கல்லறைக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வரலாம் என்று போன வாரம் போனில் கேட்டேன். நீ கத்தவில்லை, கோபப்படவில்லை. "எதுக்குங்கப்பா? அங்க வந்து நான் என்னத்தைப் பேசறது? அவங்க எங்கிட்டச் சொல்லிட்டா போனாங்க?" என்றாய். நான் "செரி கண்ணு, உன்ற இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டேன். பதினோரு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீ அவளைக் குற்றம் சொல்லும்போதெல்லாம் 'உன் இஷ்டம்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிற ஆள் நான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து பிரிசில்லா வந்தாள். பொள்ளாச்சியிலிருந்து அவள் அம்மாவோடு ஆர்.எஸ்.புரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வந்தவள், அப்படியே நம் வீட்டுக்கும் வந்தாள். காப்பி குடித்துக்கொண்டே, நீ வேலை செய்கிற கம்பெனியில் நீயே உண்டாக்கிய விளையாட்டு என்று போனில் காட்டினாள். இருட்டான ஒரு கோபுரம். ஆடுகிறவன் ஆயிரம் படி ஏறிப் போகிறான். உச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு அண்டங்காக்கை உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் அது ஒருதரம் பார்க்கிறது, அப்புறம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்கிறது. "ஏனுங்க மாமா, இது ஏன் வாயே தொறக்க மாட்டீங்குது? எல்லாந் தெரிஞ்ச சாமியாமா. ஆட்டம் முடிஞ்சாலும் ஒரு பதிலுஞ் சொல்றதில்லை. அவரைக் கேட்டா, 'அது அப்படித்தான்'னுட்டு எந்திரிச்சுப் போயிடறாரு" என்றாள். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் காக்கையை எனக்குத் தெரியும். அவன் பெயர் மையன். நீ பதினாலு வயசில் அவனை உண்டாக்கியபோது அவன் இப்படி இல்லை.

பிரிசில்லாவும் இதைப் படிக்கட்டும். அதனால் அவளுக்குத் தெரியாததையும் சேர்த்து எழுதுகிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நீளமான நோட்டில் ஏழ்கரை என்று ஒரு நாட்டை உண்டாக்கினாய். ஏழு கடற்கரை, நாலு ராஜா, ஒரே தெய்வம். கல்விக்கும் சாவுக்கும் சேர்த்து அந்த ஒரே அண்டங்காக்கை. "ரெண்டுக்கும் எதுக்குடா ஒரே சாமி?" என்று உன் அம்மா கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ரெண்டும் ஒருக்கா வந்துட்டாத் திரும்பிப் போகாதுங்கம்மா" என்றாய். எனக்கு அப்போதே எரிச்சல். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்குகிற பையன் இன்னொரு தெய்வத்துக்குச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறானே என்று சத்தம் போட்டேன். அவள்தான், "கதையில வர்ற காக்காய்க்கெல்லாம் கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாருங்க. நீங்க போய் உங்க பேட்டர்னைப் பாருங்க" என்று என்னைப் பட்டறைக்கு விரட்டினாள்.

அவள் கணக்கு டீச்சர். எந்த விளையாட்டானாலும் சட்டம் சரியாக இருக்க வேண்டும் அவளுக்கு. நீங்கள் இருவரும் சேர்ந்துதான் மையனுக்குச் சட்டம் வகுத்தீர்கள். மையன் பொய் சொல்ல மாட்டான். எழுதிக் கேட்டால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் எழுதிப் பதில் சொல்லியே தீர வேண்டும். அவன் சாகப்போகிறவனிடம் வருவதில்லை. பின்னால் இருக்கப்போகிறவனிடம்தான் வருவான், அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல. அவனைக் கல்லால் அடித்து விரட்டுகிறவனுக்கு, அதன்பிறகு சாகிறவரை யாரும் முகத்துக்கு நேராக எதையும் சொல்ல மாட்டார்கள். நீ நீல மையில் கேள்வி எழுதி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாய். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவால் மையனாக இருந்து பதில் எழுதுவாள். மூன்று வருஷம் இது நடந்தது. நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டு நோட்டைக் கைமாற்றுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். வெட்கத்தைவிட்டு இப்போது சொல்கிறேன்.

நீ பன்னிரண்டாவது படித்த வருஷம், தை மாதம் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, புற்று கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது, இரண்டு மாதம் தாண்டினால் பெரிது என்றார். அவளுக்கு நான் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை அவளே வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டாள். அன்று மாலை வீட்டில் உன் அத்தை, பெரியப்பா, எல்லோரும் கூடிவிட்டார்கள். சாவு ஒருபக்கம் இருக்கட்டும், பேச்செல்லாம் உன் பரீட்சையைப் பற்றித்தான். "பையனுக்கு மட்டும் காதுல உழுந்துரக் கூடாது. அல்சருன்னு சொல்லிப்போடலாம். பரீட்சை முடியட்டும்" என்று உன் அத்தை தீர்த்துச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நம் ஊரில் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் டிவி ஓடாது, விருந்தாளி வர மாட்டான், சாவு வந்தால்கூட வாசலிலேயே நிறுத்தி வைத்துவிடுவோம். அவள் ஒருத்திதான் வேண்டாம் என்றாள். "அவன் சின்னப் பையன் இல்லீங்க. எங்கிட்டக் கேட்டான்னா நான் மறைக்க மாட்டேன்" என்றாள். நீ கேட்கமாட்டாய் என்று நான் நினைத்தேன்.

நீ கேட்டாய். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்தாறு நாள் இருக்கும். சாப்பாட்டுப் பையில் அந்த நோட்டையும் வைத்து, "அம்மாகிட்டக் குடுத்துருங்கப்பா, சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். இடது பக்கத்தின் அடியில் உன் கேள்வி இருந்தது. 'மையா, என் அம்மாவுக்கு உண்மையில் என்ன?' அவ்வளவுதான். அவள் படித்தாள். தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுக்கச் சொன்னாள். எதிர்ப்பக்கத்தில் மத்தியானம் முழுக்க, நிறுத்தி நிறுத்தி எழுதினாள். நர்ஸ் வந்து படுக்கச் சொன்னபோதுகூட, "ஒரு பேப்பர் பாக்கி இருக்குதுங்க சிஸ்டர்" என்றாள். எழுதி முடித்து நோட்டை என் கையில் கொடுத்து, "பொழுது சாயறதுக்குள்ள அவன் மேசை மேல வெச்சுருங்க. சட்டம் அது. நீங்க பிரிச்சுப் பாக்கக் கூடாது" என்றாள். "செரி அம்மணி" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நேராக வீட்டுக்கு வரவில்லை. பட்டறைக்குப் போனேன். ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுப் பிரித்துப் படித்தேன். நான் என்ன வேலை செய்கிறவன் என்று உனக்குத் தெரியும். பம்பு வார்ப்பதற்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது மாதிரி அச்சு, செய்கிறவன். காய்ச்சின இரும்பு ஆறும்போது சுருங்கும், அதற்காக அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்துத்தான் மரத்தைச் செதுக்குவோம். உள்ள அளவை உள்ளபடியே வைத்தால் வேலை கெட்டுப்போகும் என்று முப்பது வருஷம் பழகின கை. உண்மையையும் அப்படித்தான் கூட்டிக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். மெல்லிய உளியை எடுத்து அந்தத் தாளைத் தையலோடு ஒட்டி வெட்டினேன். ஒரு பிசிறு தெரியவில்லை. அதற்கு ஜோடித் தாள் மறுபக்கம் கழன்று ஆடியது. பசை தடவி, கட்டை வைத்து அழுத்தி, காயவைத்து ஒட்டினேன். உன் கண் எவ்வளவு கூர்மை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு ஜாக்கிரதை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அதுதான், கண்ணு. அந்தக் கையை நான் இன்னும் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

சாயந்தரம் நோட்டை உன் மேசையில் வைத்தேன். நீ பாய்ந்து வந்து பிரித்தாய். உன் கேள்வி இருந்தது, எதிரே வெள்ளைப் பக்கம் இருந்தது. "அம்மா ஒண்ணும் எழுதலைங்களாப்பா?" என்றாய். "படிச்சுப் பார்த்தா. மூடி வெச்சுட்டா. ஒடம்பு முடியலையில்ல" என்றேன். நீ நோட்டை மூடி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டாய். மூன்று வருஷத்தில் மையன் உனக்குப் பதில் சொல்லாத ஒரே கேள்வி அது என்று நினைத்தாய். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தபிறகும் எனக்கு மனசு இளகவில்லை. படிக்க உட்கார்ந்துவிட்டான், அது போதும் என்று இருந்தது.

இதோடு நின்றிருந்தால்கூட நான் ஒரு பொய் சொன்னவன், அவ்வளவுதான். மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் அவள், "படிச்சானுங்களா?" என்றாள். நான் "படிச்சான்" என்றேன். "என்ன சொன்னான்?" "ஒண்ணுஞ் சொல்லலை. தைரியமா இருக்கறான்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அழுதானா?" என்றாள். இல்லை என்றேன். இது உனக்குத் தெரிய வேண்டும். அவள் தன் மகனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பில் இருந்தாள். நீ தினமும் சாயந்தரம் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எந்தக் கேள்வி வந்தது, எத்தனை மார்க் விட்டாய் என்று சொல்லுவாய். அவள் உன் முகத்தையே பார்ப்பாள். நீ ஒருவார்த்தை பேசுவாய் என்று அவள் காத்திருந்தாள். அவளே வாய்விட்டுச் சொல்லுவாள் என்று நீ காத்திருந்தாய். நடுவில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நீ போனபிறகு கேட்டாள். "ஏனுங்க, அதைப் பத்தி என்னைக் கேக்கவே மாட்டீங்கறானே. எம்மேல கோவமா அவனுக்கு?" நான் சொன்னேன், "அதெல்லாமில்லை அம்மணி, பரீட்சை முடியட்டும்னு இருக்கறான்." அவளும் அதை நம்பினாள். பரீட்சை முடிகிற நாளை என்னைவிட அவள் அதிகம் எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசிப் பரீட்சை அன்று காலையில் அவளுக்கு நினைவு தப்பியது. நீ மத்தியானம் சட்டைப்பையில் பேனாவோடு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, "அம்மா, முடிஞ்சுதுங்கம்மா" என்றாய். அவள் அதைக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. நாலாம் நாள் போய்விட்டாள். நீங்கள் இருவரும் பேசியிருக்க வேண்டிய நாட்களை எடுத்துக்கொண்டது வியாதி இல்லை, நான்.

அடக்கத்துக்கு வந்த சனமெல்லாம் என்னைத் தட்டிக்கொடுத்தது. "பையன் படிப்புக் கெடாமப் பாத்துக்கிட்டீங்க. யாராலைங்க முடியும்?" என்றார்கள். உன் மார்க் வந்ததும் இன்னொரு சுற்று வந்து பாராட்டினார்கள். அந்த மார்க்கை இன்று யாராவது உன்னிடம் கேட்கிறார்களா? எனக்கே அது எத்தனை என்று மறந்துபோய்விட்டது. அவர்கள் எல்லோரும் உன் கல்யாணத்துக்கு வருவார்கள். இந்தக் கடிதத்தை அவர்களிடமும் காட்டு. எனக்கு ஒளிப்பதற்கு இனிமேல் ஒன்றுமில்லை.

ஏன் அப்போதே தாளைக் கொடுக்கவில்லை என்று கேட்பாய். முதல் மாதம் பயம். நீ என்னை அடிப்பாய் என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மாவுக்கு எல்லாந் தெரியுமாமா. அத்தை சொன்னாங்க. தெரிஞ்சுந்தான் எனக்கு எழுதாமப் போயிருக்காங்க" என்றாய். அந்த நிமிஷம் எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. கோபம் அவள் மேல் போய்விட்டது, என் மேல் இல்லை. அவள் செத்துப்போனவள், அவளுக்கு வலிக்காது, நான் உயிரோடு இருக்கிறவன், எனக்கு ஒரே மகன். இப்படித்தான் என் புத்தி கணக்குப் போட்டது. இதை எழுதும்போது என் மேல் எனக்கே காறித்துப்பத் தோன்றுகிறது. உன் படிப்புக்காக மறைத்தேன் என்று ஊருக்குச் சொன்னதும் முழுப்பொய். நீயும் அவளும் என் கண்முன்னால் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கதை அவ்வளவுதான்.

மையனின் கடைசிச் சட்டம் என் விஷயத்தில் பலித்துவிட்டது. நீ வேலையை விட்டு விளையாட்டுக் கம்பெனிக்கு மாறியதை எனக்கு உன் பெரியப்பா சொன்னார். உனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்ததை நீ எழுந்து நடமாடியபிறகு கேள்விப்பட்டேன். நீ பிரிசில்லாவைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று எனக்குச் சொன்னவர் ஆலயத்து ஐயர். பாதிரியார் வந்து சொல்லித்தான் பெற்ற அப்பனுக்குத் தெரிகிறது என்று நான் அன்று பொரிந்தேன், ஞாபகமிருக்கிறதா? யார் கல்லெடுத்து அடித்தது என்று எனக்கு மட்டும் தெரியும். ஆனால் உன்மேலும் எனக்கு ஒரு கசப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஒருதரம்கூட என்னைக் கேட்டதில்லை. நோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான், கொண்டுவந்தவன் நான். பதினோரு வருஷத்தில் ஒருநாள், "அப்பா, அன்னைக்கு என்னங்க நடந்துச்சு?" என்று கேட்டிருந்தால் உடைந்திருப்பேன் என்று நினைக்கிறேன். நீ அவளைச் சந்தேகப்பட்டாய், என்னை நம்பினாய். ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட்டாய்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இருந்தாலும் நான் கெட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றே ஒன்று இருக்கிறது. பிரிசில்லா உன்னிடம் ஒரு பொருளைக் கொடுத்து இன்னாரிடம் சேர்த்துவிடு என்றால், சேர்த்துவிடு. பிரித்துப் பார்க்காதே. அவர்களுக்கு இது தாங்குமா தாங்காதா என்று நீ அளவெடுக்காதே. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது உன்னிடம் சாவைப் பற்றிக் கேட்டால், பரீட்சை முடியட்டும் என்று மட்டும் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தபிறகு நான் கல்லறைக்குப் போவதாக இருந்தேன். இனி போகப்போவதில்லை. அவளிடமும் பொய் சொன்னவன் நான். நீ முதலில் போக வேண்டும். நீ படித்தாய் என்று நான் சொன்னது அன்றைக்குப் பொய், அதை நீதான் மெய்யாக்க முடியும். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் உன் பக்கத்தில் நான் நிற்கலாமா கூடாதா என்பதையும் நீயே சொல். வேண்டாம் என்றால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். வரவே வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் எதுவானாலும் என் முகத்துக்கு நேராகச் சொல், கண்ணு. யாரிடமாவது சொல்லி அனுப்பாதே.

அந்தத் தாளில் இருப்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அது மனப்பாடம், ஆனால் என் வாயால் நீ கேட்க வேண்டாம். ஒன்று மட்டும் உனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். முக்கால் பக்கத்தில் அவள் நிறுத்திவிட்டாள். அதற்குக் கீழே சிவப்புப் பேனாவால் அளவுகோல் வைத்து ஆறு கோடு போட்டிருக்கிறாள், பரீட்சைப் பேப்பரில் பிள்ளைகள் விடை எழுத விடுகிற மாதிரி. மேலே 'இனி நீ கேள். நேரில் வந்தாலும் சரி' என்று எழுதியிருக்கிறாள். முதல் கோட்டில் பென்சில் தடம் ஒன்று தெரியும். அது நான் ஒருநாள் மன்னித்துவிடு என்று எழுதி அழித்தது. மற்ற ஐந்து கோடும் அப்படியே இருக்கின்றன.

அப்பா